இரண்டரை வயதுப் பிள்ளையோடு ஆப்பிள் பறிக்கப் போகலாமா? (டொராண்டோ பக்கம்)

மார்க்கம்வாசி
செப்டம்பர் 17, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். டொராண்டோவை ஒட்டிய மார்க்கம் என்ற ஊரில் இருக்கிறோம். கனடாவில் எங்களுக்கு இது இரண்டாவது இலையுதிர்காலம். போன வருடம் மகளைத் தூக்கிக்கொண்டே திரிந்தோம், எங்கும் போகவில்லை. இப்போது இரண்டரை வயது, கையில் நிற்பதில்லை. செப்டம்பர் பிறந்ததிலிருந்து ஆபீசில் ஆளாளுக்கு ஆப்பிள் பறிக்கப் போன போட்டோவைக் காட்டுகிறார்கள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. மாமியார் கோவில்பட்டியிலிருந்து வந்திருக்கிறார், அக்டோபர் கடைசியில் கிளம்புகிறார். அதற்குள் ஒரு நாள் போய்வர வேண்டும்.

எந்தப் பக்கம் போகலாம், எந்த வாரம் நல்லது, ஸ்ட்ரோலர் ஓடுமா, முழங்கால் வலி உள்ள அத்தையால் நடக்க முடியுமா, பிள்ளைக்குக் கை எட்டுமா? இவரிடம் சொன்னதற்கு, "கடையில மலை மாதிரி குவிச்சு வெச்சிருக்கான். காசும் குடுத்து கூலி வேலையும் பாக்கணுமா?" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இரட்டையர்_அப்பா
செப்டம்பர் 17, இரவு 10.15

தாராளமாகப் போகலாம். எங்கள் பையன்கள் இரண்டு பேரையும் ஒன்றரை வயதிலிருந்து வருடம் தவறாமல் கூட்டிப் போகிறோம். இப்போது ஐந்து வயது.

மார்க்கத்திலிருந்து என்றால் கிழக்கே போமன்வில் பக்கம், இல்லாவிட்டால் மேற்கே மில்டன், கேம்பல்வில் பக்கம். சாலை ஒழுங்காக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஜார்ஜியன் வளைகுடா ஓரம் மீஃபோர்ட், தோர்ன்பரி என்று போனால் ஊரே ஆப்பிள் தோட்டம்தான், அழகு சொல்லி மாளாது. ஆனால் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம். இந்த வயதுக்கு வேண்டாம்.

செப்டம்பர் நடுவில் காலா, மெக்கின்டாஷ் ரக ஆப்பிள்கள் வரும். அதையொட்டி ஹனிகிரிஸ்ப். மாதக் கடைசியில் கோர்ட்லண்ட், எம்பயர். அக்டோபரில் அம்ப்ரோசியா, மட்சு, எல்லாம் முடிகிற நேரத்தில் நார்தர்ன் ஸ்பை. வெயில் மழையைப் பொறுத்து ஒரு வாரம் முன்னே பின்னே ஆகும், கிளம்புகிற அன்று காலையில் தோட்டத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்வேன்: தேங்க்ஸ்கிவிங் வார இறுதியில் போகாதீர்கள். அக்டோபர் இரண்டாவது திங்களையொட்டிய அந்த மூன்று நாளும் ஆப்பிளைவிடக் கார்தான் அதிகம்.

சின்னச் சக்கர ஸ்ட்ரோலர் புல்லில் உருளாது, காரிலேயே விடுங்கள். மாற்றுத் துணி இரண்டு செட். டாய்லெட் பழகிக்கொண்டிருக்கிற பிள்ளை என்றால் அவளுடைய பாட்டியையும் டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள் (பாட்டி என்றால் அந்தச் சின்ன இருக்கை, உங்கள் மாமியார் இல்லை).

சும்மா_வந்தவன்
செப்டம்பர் 17, இரவு 11.02

நான் உங்கள் வீட்டுக்காரர் கட்சி. போன வருடக் கணக்கு சொல்கிறேன். வாசலில் ஆளுக்கு 12 டாலர், மூன்று பேருக்கு 36. அரை புஷல் பை 40. டோனட், சைடர் (வடிகட்டாத ஆப்பிள் சாறு), அவித்த சோளம் எல்லாம் சேர்த்து 30. மொத்தம் 106. அரை புஷல் என்பது ஏறக்குறைய 20 பவுண்டு, அதாவது 9 கிலோ. ஆக ஒரு பவுண்டு ஐந்து டாலருக்கு மேல் விழுந்தது. பெட்ரோலைச் சேர்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பையன் கடையில் வாங்கிய வாழைப்பழம்தான் வேண்டும் என்கிறான்.

பருத்தித்துறையான்
செப்டம்பர் 18, காலை 6.20

தங்கச்சி, நான் 89-இல் இந்த நாட்டுக்கு வந்தனான். வந்து இறங்கின முதல் இலையுதிர்காலமே ஆப்பிள் பறிக்கத்தான் போனேன். காசு கொடுத்தல்ல, வாங்கி.

நெஞ்சுக்கு முன்னால் ஒரு தகர வாளி மாதிரிக் கட்டி விடுவார்கள். அதன் அடிப்பக்கம் கன்வஸ் துணி, மடித்துக் கொழுவியிருக்கும். நிறைந்ததும் பெரிய மரத்தொட்டிக்குள் குனிந்து, கொழுக்கியைக் கழற்றினால் பழங்கள் அடியால் மெல்ல இறங்கும். மேலிருந்து கொட்டக் கூடாது. ஒரு தொட்டி ஏறத்தாழ 800 பவுண்டு. தொட்டிக் கணக்கில்தான் கூலி. எனக்குப் பக்கத்து வரிசையில் பறித்தவர் ஜமைக்காக்காரர், நல்ல வயது. நான் ஒரு தொட்டி நிரப்பமுன் அவர் இரண்டு முடித்துவிட்டுப் பாட்டும் பாடுவார். "முட்டை எண்டு நினைச்சு வை" என்று கையால் காட்டித்தந்தவர் அவர்தான். ஜமைக்காவிலிருந்து இப்படிப் பருவ வேலைக்கு ஆட்களைக் கூப்பிடும் திட்டம் எங்கட ஒன்ராறியோ மாகாணத்தில் 1966-இல் தொடங்கினது. பிறகு மெக்சிக்கோவும் சேர்ந்தது. இன்றைக்கும் கடைக்கு வரும் ஆப்பிளில் கனக்க அவர்களின் கைபட்டதுதான்.

இப்ப ஒவ்வொரு வருசமும் பேரப்பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு அதே வேலையைக் காசு கட்டிச் செய்கிறேன். என்ர மனுசி சிரிப்பா. ஆனால் போங்கோ. சின்னதுகளுக்குப் பழம் பெட்டியில் முளைக்கிறதில்லை என்று ஒருக்காவாவது கண்ணால் காட்ட வேணும்.

கொடைக்கானல்காரி
செப்டம்பர் 18, காலை 8.45

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பேரிக்காயும் பிளம்ஸும் உண்டு, அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். நம் ஆட்கள் பழத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கிறார்கள். இழுத்தால் காம்போடு சேர்ந்து அந்தக் குட்டிக் கிளையும் ஒடிந்து வரும். அடுத்த வருட மொட்டு அதில்தான் இருக்கிறது. பழத்தை உள்ளங்கையில் ஏந்துங்கள், மேல் நோக்கித் தூக்கி லேசாகத் திருகுங்கள். பழுத்திருந்தால் "இந்தா" என்று கையில் வந்து உட்காரும். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், அது இன்னும் தயாராகவில்லை. சந்தேகமாக இருந்தால் ஒன்றை வெட்டி விதையைப் பாருங்கள். விதை வெள்ளையாக இருந்தால் காய், பழுப்பாகியிருந்தால் பழம்.

பிள்ளைக்குக் கை எட்டுமா என்று கேட்டீர்கள். எட்டும். இப்போதெல்லாம் ஏணி போட்டு ஏறுகிற பழைய மரங்களை யாரும் புதிதாக வைப்பதில்லை. இங்கிலாந்தில் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த எம்9 போன்ற குட்டை வேர்க்கன்றுகளின் மேல் வேண்டிய ரகத்தை ஒட்டுக் கட்டி, கம்பியில் சாய்த்து வளர்க்கிறார்கள். திராட்சைப் பந்தல் மாதிரி வரிசையாக நிற்கும். முழங்கால் உயரத்திலேயே பழம் தொங்கும்.

மருந்துக்கடை_அக்கா
செப்டம்பர் 18, பகல் 1.10

பயமுறுத்த வரவில்லை, நாலு விஷயம் மட்டும்.

வேகவைக்காத ஆப்பிளைக் கட்டியான துண்டாக நறுக்கிக் கொடுக்காதீர்கள். நாலு வயதுக்குக் கீழே தொண்டையில் அடைக்கிற பண்டங்களில் இதுவும் ஒன்று. கண்ணாடி மாதிரி மெல்லிசாகச் சீவியோ துருவியோ வேகவைத்தோ கொடுங்கள். ஓடிக்கொண்டே தின்ன விடாதீர்கள்.

செப்டம்பர், அக்டோபரில் மஞ்சள் குளவிகள் இனிப்புக்கு அலையும். சைடரை மூடியுள்ள கோப்பையில் கொடுங்கள். அந்தச் சைடரும் பாஸ்சரைஸ் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். செய்யாத சைடர் சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம்.

அப்புறம் உண்ணி. உயரமான புல்லின் ஓரத்திலும் உதிர்ந்த இலையிலும் கருங்கால் உண்ணி இருக்கும். லைம் என்ற பாக்டீரியா நோய் அது கடிப்பதால்தான் வருகிறது. குளிர் வந்தால் செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம், வளர்ந்த உண்ணிகள் அக்டோபரிலும் சுறுசுறுப்பாகத்தான் திரியும். முழுக்கால் பேண்ட், அதன் மேல் சாக்ஸை இழுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னால், அக்குள், முழங்கால் மடிப்பு, தலைமுடிக்குள் பாருங்கள். இருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் போதும். எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சி வைப்பது எல்லாம் வேண்டாம். பெரும்பாலும் ஒரு நாளாவது ஒட்டியிருந்தால்தான் நோய் பரவும், அதனால் அன்றைக்கே பார்த்துவிட்டால் பாதிக் கவலை போச்சு.

நாலாவதை மறந்துவிட்டேன். ஞாபகம் வந்தால் எழுதுகிறேன்.

சும்மா_வந்தவன்
செப்டம்பர் 18, பகல் 1.25

106 டாலர், குளவி, உண்ணி, தொண்டை அடைப்பு. குடும்பத்தோடு போருக்குப் போவது மாதிரி இருக்கிறது.

மெக்_பிரியன்
செப்டம்பர் 18, மாலை 5.50

ஒன்ராறியோவில் இருந்துகொண்டு மெக்கின்டாஷ் பறிக்காமல் வந்தால் பாவம். எல்லாரும் ஹனிகிரிஸ்ப், ஹனிகிரிஸ்ப் என்று ஓடுகிறார்கள். அது மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1991-இல் வெளியிட்டது, நேற்றுப் பெய்த மழையில் முளைத்தது. மெக்கின்டாஷ் இந்த மண்ணின் பழம். 1811-இல் ஜான் மெக்கின்டாஷ் என்ற குடியானவர் இதே ஒன்ராறியோவின் கிழக்கில், டண்டேலா என்ற ஊரில் புதர் வெட்டும்போது கண்டெடுத்த கன்று. யாரும் நட்டதில்லை, தானாக முளைத்தது. தாய்மரம் 1894-இல் வீடு தீப்பிடித்தபோது கருகி, அதற்குப் பிறகும் சில வருடம் காய்த்ததாம். உலகத்தில் இருக்கிற மெக்கின்டாஷ் மரம் எல்லாமே அந்த ஒற்றை மரத்தின் ஒட்டுதான். ஆப்பிள் கம்பெனி கணினிக்கு மேக்கின்டாஷ் என்று பெயர் வந்ததும் இந்தப் பழத்தால்தான், ஆங்கில எழுத்தில் ஒன்றைக் கூட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அதில் ஒரு குறை உண்டு. பழுத்ததும் கிளையில் நிற்காது. ஒரு காற்றடித்தால் பொலபொலவென்று கொட்டிவிடும். சீக்கிரம் போங்கள்.

மார்க்கம்வாசி
செப்டம்பர் 18, இரவு 10.05

எல்லாருக்கும் நன்றி. இவரைச் சம்மதிக்க வைத்துவிட்டேன். அடுத்த வெள்ளி இரண்டு பேரும் லீவு. போய்வந்து எழுதுகிறேன்.

மார்க்கம்வாசி
செப்டம்பர் 27, காலை 11.30

நேற்றுப் போய்வந்தோம். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பத் திட்டம் ஒன்பது மணி, கிளம்பியது பத்தரை. காரில் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டதும் மகளுக்கு வந்த அவசரம், வேறென்ன. தோட்டத்தின் இணையப் பக்கத்தில் ஹனிகிரிஸ்ப் இருக்கிறது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். போனால் அந்த வரிசைக்குக் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறது. போன ஞாயிறே தீர்ந்துவிட்டதாம். வாசலில் பணம் வாங்கும்போது அதைச் சொல்லவில்லை. இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இரட்டையர்_அப்பா போன் போடச் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

டிராக்டர் இழுக்கிற வண்டியில் வைக்கோல் கட்டுகளின் மேல் உட்கார வைத்து உள்ளே கூட்டிப் போனார்கள். அத்தைக்கு ஏறத்தான் கஷ்டம், ஏறி உட்கார்ந்ததும் முகமே மாறிவிட்டது. "மாட்டுக்குப் போட வேண்டிய வைக்கோல்ல உக்கார வெச்சிருக்கான் பாரு" என்று ஒரு கையால் உருவி மோந்து பார்த்தார்.

மெக்கின்டாஷ் வரிசையில் இறங்கினோம். மெக்_பிரியன் சொன்னதுபோல, மரத்தில் பாதி, தரையில் பாதி. முந்தின நாள் மழை வேறு. ஈரப் புல் முழுக்கச் சிவப்பு. மகள் இறங்கியதும் ஒரு நிமிடம் அசையாமல் நின்றாள். அப்புறம் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான், முக்கால் மணி நேரம் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. மரத்தில் தொங்குகிற பழம் ஒன்றையும் அவள் பார்க்கவேயில்லை. தூக்கிப் பிடித்து, "இதைப் பறி, தங்கம்" என்று கெஞ்சுகிறேன், கால் உதைத்து இறங்கிவிடுகிறாள். அவளுக்கு வேண்டியது கீழே கிடப்பதுதான். ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பிப் பார்த்து, "வியுந்துச்சு, பாவம்" என்று சொல்லி மடியில் வைக்கிறாள். பாதி அழுகினது, புழு ஓட்டை விழுந்தது, நத்தை ஒட்டியது, எல்லாமே பாவம்தான்.

இவர் அரை புஷல் பையைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். அப்போதுதான் அத்தையைக் காணோம் என்று திரும்பிப் பார்த்தேன். இரண்டு மரம் தள்ளி, ஸ்வெட்டருக்கு மேல் சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகி மடி கட்டிக்கொண்டு பறித்துக்கொண்டிருக்கிறார். கரிசல்காட்டில் பருத்திக்கு மடி கட்டுவார்களே, அதே கட்டு. பத்து வயதிலிருந்து கல்யாணம் வரைக்கும் பருத்தி எடுக்கப் போனவராம், எனக்கு நேற்றுத்தான் தெரியும். இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்கிறது. கண் அடுத்த பழத்தில் இருக்கிறது. பழத்தை ஏந்தித் திருகுவதை நான் அவருக்குச் சொல்லவே இல்லை. "பருத்தின்னா ஓடு குத்தி வெரல் நகக்கண்ணு கிழியும். இது என்ன, உருண்டையா வழவழன்னு" என்றார். முழங்கால் வலியைப் பற்றி அன்றைக்குப் பேச்சே இல்லை. இருபது நிமிடத்தில் பை நிறைந்துவிட்டது. இவர் பறித்தது நாலு.

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது மகள் எழுந்தாள். அழுகை இல்லை, ஆனால் அவள் சேர்த்த பதினெட்டையும் எடுத்துப் போக வேண்டும். பேரம் பேசி ஒன்றுக்கு இறங்கினாள். திரும்பும்போது சேற்றில் ஒரு ஷூ மாட்டிக்கொண்டது. டோனட்டில் குளவி வந்து உட்கார்ந்தது, அக்கா சொன்னதால் கத்தாமல் மெல்ல நகர்ந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினால் பதினோரு பழத்தில் குட்டிப் பல் தடம். காரில் பையை அவள் காலடியில் வைத்திருந்தோம். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கடி, தோல் கிழிகிற அளவுக்கு. கடித்துப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி வைத்திருக்கிறாள்.

இரட்டையர்_அப்பா
செப்டம்பர் 27, பகல் 12.10

பதினோரு கடி! எங்கள் வீட்டில் ஒரு வருடம் இருவரும் சேர்ந்து முப்பது பழத்தில் செய்தார்கள்.

அவள் கீழே பார்த்ததில் ஆச்சரியமில்லை. அவளுடைய உயரத்துக்குத் தரைதான் தோட்டம். நாம்தான் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுக்கிறோம்.

பருத்தித்துறையான்
செப்டம்பர் 27, பகல் 2.30

அந்த அம்மாவைப் பற்றி வாசிக்கச் சந்தோசமாக இருந்தது. மடி கட்டினால் இரண்டு கையும் வேலைக்கு. வாளி கட்டிவிட்டதும் அதே விசயம்தான்.

விழுந்த பழத்தைச் சாப்பிடக் கூடாது என்று இங்கை எல்லாத் தோட்டத்திலும் எழுதிப் போடுகினம். ஊரில் விடியக்காலமை எழும்பி மாமரத்துக்குக் கீழே ஓடி, ஆர் முதல் பொறுக்குவது என்று அடிபட்டு வளர்ந்த எங்களுக்கு அது விளங்குவதில்லை. கறுத்தக்கொழும்பான் மரத்தில் ஏறிப் பிடுங்கினதைவிட விழுந்ததுதான் ருசி.

மருந்துக்கடை_அக்கா
செப்டம்பர் 27, மாலை 4.05

அண்ணா, நாலாவது விஷயம் இதுதான், இப்போது ஞாபகம் வந்துவிட்டது. இந்தத் தோட்டங்களில் ராத்திரி மான் வரும். விழுந்த பழத்தைத் தின்று அங்கேயே புழுக்கை போட்டுவிட்டுப் போகும். அதிலிருந்து ஈ.கோலை கிருமி பழத்தில் ஒட்டலாம். விழும்போது தோல் வெடித்திருந்தால் கழுவினாலும் முழுதாகப் போகாது. சமைத்தால் கிருமி சாகும், சரி. ஆனால் அழுகின பழத்தில் பட்டுலின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்கும், அது சூட்டுக்கும் அவ்வளவு லேசில் அசையாது. மகள் கொண்டுவந்த அந்த ஒரு பழம் எங்கே இருக்கிறது?

மார்க்கம்வாசி
செப்டம்பர் 27, மாலை 4.40

குளியல் தொட்டியில்! நேற்று உண்ணி பார்க்கக் குளிக்க வைத்தபோது (எதுவும் இல்லை) அதையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மிதக்கிறதைப் பார்த்து ஒரே கூத்து. இதைப் படித்ததும் அத்தை அதை மகளுக்குத் தெரியாமல் எடுத்து, பையிலிருந்து நல்லதாக ஒன்றை மாற்றி வைத்துவிட்டார். இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

கொடைக்கானல்காரி
செப்டம்பர் 27, மாலை 5.15

மிதக்கத்தான் செய்யும். ஆப்பிளில் கால் பங்கு காற்றுதான். பேரிக்காய் அதைவிட அடர்த்தி, அதையும் போட்டுக் காட்டுங்கள், பெரும்பாலும் மூழ்கிவிடும். அப்புறம் ஒரு ஆப்பிளைக் குறுக்கே வெட்டிக் காட்டுங்கள். நாம் எப்போதும் காம்பிலிருந்து நெடுக்காகத்தானே வெட்டுகிறோம். குறுக்கே வெட்டினால் நடுவில் ஐந்து முனை நட்சத்திரம் இருக்கும்.

நேர்மை_முக்கியம்
செப்டம்பர் 27, இரவு 8.20

மகிழ்ச்சியைக் கெடுக்க விரும்பவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். போன ஞாயிறு நாங்கள் போன தோட்டத்தில் நம் ஆட்கள் ஒரு பெரிய கும்பலாக வந்திருந்தார்கள். மரத்தடியில் விரிப்புப் போட்டு, பிரியாணி டப்பாவைத் திறந்து, ஆளுக்கு நாலைந்து ஆப்பிளைக் கடித்துக் கடித்து வீசுகிறார்கள். ஒருவர் கிளையில் ஏறி நின்று செல்ஃபி. போகும்போது ஜாக்கெட் பையெல்லாம் புடைத்திருக்கிறது. ருசி பார்க்க ஒன்று தின்னலாம் என்று சொன்னால் அது ஒன்றுதான். நுழைவுக் கட்டணம் ஏன் வைக்கிறார்கள் என்று யாரும் அழ வேண்டாம், இதனால்தான்.

சும்மா_வந்தவன்
செப்டம்பர் 27, இரவு 8.34

"நம் ஆட்கள்" மட்டுமா? எல்லா நாட்டு ஆட்களும்தான் செய்கிறார்கள். நான் பார்த்ததில் ஒரு கூட்டம் ஆப்பிளை வைத்து பேஸ்பால் ஆடியது.

நேர்மை_முக்கியம்
செப்டம்பர் 27, இரவு 8.41

அடுத்தவன் செய்கிறான் என்றால் நாமும் செய்யலாமா?

நெறியாளர்
செப்டம்பர் 27, இரவு 9.00

இரண்டு பேரும் சொன்னது புரிந்துவிட்டது. இதற்கு மேல் வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள். இங்கே ஆப்பிள் மட்டும்.

மார்க்கம்வாசி
செப்டம்பர் 28, காலை 9.10

எங்கள் பதினோரு கடியும் காசு கொடுத்த பைக்குள்தான், நேர்மை சார் :)

இப்போது உண்மையான பிரச்சினை: ஒன்பது கிலோவை என்ன செய்வது? பாதி கோர்ட்லண்ட், பாதி மெக்கின்டாஷ்.

கொடைக்கானல்காரி
செப்டம்பர் 28, காலை 9.50

கழுவாமல் வையுங்கள், தின்னும்போது கழுவினால் போதும். அடிபட்டதையும் கடிபட்டதையும் தனியாக எடுத்து முதலில் தீருங்கள், ஒன்று கெட்டால் பக்கத்தில் இருக்கிறதையும் கெடுக்கும். மீதியைத் துளை போட்ட பிளாஸ்டிக் பையில், ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். கீரை, கேரட்டோடு சேர்க்காதீர்கள். ஆப்பிள் விடுகிற எத்திலீன் வாயுவால் கீரை மஞ்சளாகும், கேரட் கசக்கும். மெக்கின்டாஷ் சீக்கிரம் மாவாகிவிடும், அதை முதலில் சமைத்துவிடுங்கள். கோர்ட்லண்ட் வெட்டினால் சீக்கிரம் கறுக்காது, டேகேருக்குக் கொடுத்தனுப்ப அதுதான் சரி. மெல்லிசாகச் சீவித்தான், மேலே அக்கா இருக்கிறார்.

மார்க்கம்வாசி
செப்டம்பர் 30, இரவு 9.25

அத்தை கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மெக்கின்டாஷைத் தொக்கு போட்டுவிட்டார். நிறையப் பேர் கேட்பீர்கள் என்று பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டேன்.

பன்னிரண்டு பழம், தோலோடு துருவியது. கடிபட்ட இடத்தை வெட்டிவிட்டார். மாங்காய் அளவுக்குப் புளிப்பு இல்லையென்று எலுமிச்சை மூன்று பிழிந்தார். இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் முக்கால் டம்ளர், கடுகு, பெருங்காயம், மஞ்சள்தூள். துருவலைப் போட்டதும் தண்ணீர் விட்டுக்கொண்டு கூழாகிவிட்டது. நான் பயந்தேன். அத்தை அடுப்பைக் கூட்டி வைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தார், முக்கால் மணி நேரம். வற்றி எண்ணெய் ஓரத்தில் பிரிந்த பிறகுதான் மிளகாய்த்தூளும் உப்பும். கடைசியில் வறுத்துப் பொடித்த வெந்தயம், சுண்டைக்காய் அளவு வெல்லம். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு. நிறம் அப்படியே மாங்காய்த் தொக்கு, வாயில் வைத்தால் முதலில் காரம், அப்புறம் எங்கிருந்தோ ஒரு ஆப்பிள் வாசனை. தயிர்சாதத்துக்கு இவர் மூன்று முறை போட்டுக்கொண்டார். கூலி வேலை பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பருத்தித்துறையான்
செப்டம்பர் 30, இரவு 10.40

வெந்தயம் எவ்வளவு என்று எழுதவில்லை.

மார்க்கம்வாசி
அக்டோபர் 1, காலை 7.15

கேட்டேன். "கை தெரியும்" என்கிறார். நான் பார்த்தவரை ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு.

இன்னொரு சந்தேகம், கொடைக்கானல்காரிக்கு. அத்தை விதைகளைக் கழுவி டிஷ்யூவில் காயவைத்திருக்கிறார். முளைக்க வைக்கப் போகிறாராம். வருமா?

கொடைக்கானல்காரி
அக்டோபர் 1, காலை 8.30

முளைக்கும், ஆனால் அப்படியே மண்ணில் போட்டால் முளைக்காது. ஆப்பிள் விதைக்கு ஒரு குளிர்காலம் கழிந்தது என்று தெரிய வேண்டும். காயவிடாமல் ஈர டிஷ்யூவில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் இரண்டரை, மூன்று மாதம் வைக்கச் சொல்லுங்கள். உறைபெட்டியில் வேண்டாம்.

கோவில்பட்டிக்குக் கொண்டு போகிற எண்ணம் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மரத்துக்கும் வருடா வருடம் குளிர் வேண்டும், கரிசல் வெயிலில் இலை விட்டாலும் காய்க்காது. இங்கேயே நட்டாலும் காய்க்கப் பல வருடமாகும். காய்க்கிறதும் மெக்கின்டாஷாக இருக்காது. விதைக்கன்று தாயைப் போல வராது, என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் சின்னதாக, புளிப்பாக ஏதாவது வரும்.

மெக்_பிரியன்
அக்டோபர் 1, காலை 8.52

1811-இல் டண்டேலாவில் முளைத்ததும் அப்படி ஒரு விதைக்கன்றுதான். வைக்கச் சொல்லுங்கள்.

மார்க்கம்வாசி
அக்டோபர் 1, இரவு 9.50

எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். "காய்க்கிறது இருக்கட்டும், மொதல்ல மொளைக்கட்டும்" என்கிறார். ஒன்பது விதை, ஈர டிஷ்யூ, ஜிப் பை, ஃப்ரிட்ஜில் தயிர் டப்பாவுக்குப் பின்னால் வைத்தாகிவிட்டது. அக்டோபர் கடைசியில் அவர் ஊருக்குப் போய்விடுவார், எடுத்துப் பார்க்க வேண்டியது நான்தான். அதனால் பையின் மேல் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்: "தை பிறக்கும் வரை தொடாதே." மகள் இன்று மட்டும் நாலு தடவை ஃப்ரிட்ஜைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டாள்.